சம்மதம் கேட்காத கதிரை

எனக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு: அம்புலன்ஸ். பதினைந்து வருடமாக இருக்கிறது. இறங்குதுறைப் பக்கம் நான் வைத்திருக்கும் போட்டோக் கொப்பிக் கடைக்கு நல்ல பெயர்ப்பலகை போட்டிருக்கிறேன். அதை யாரும் வாசிப்பதில்லை. "அம்புலன்ஸின்ட கடையில பாஸ்போட் படம் எடுத்துக்கொண்டு வா" என்றுதான் ஆட்கள் அனுப்பப்படுகிறார்கள். என் மனைவிகூடக் கோபம் வந்தால், "அம்புலன்ஸ் வந்தாச்சு, சோறு போடட்டோ?" என்பாள்.

இந்தப் பெயரை வைத்தவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் யோசனையும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இவன் நல்ல மனிதன் என்று பிறகு யாரும் ஏமாறக்கூடாது.

வைத்தவர் எங்கள் ஊரவர்தான். வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போன காலத்தில் எங்களை மேய்க்கும் போர்மனாக இருந்தவர். ஒருநாள் மத்தியானம், நாங்கள் தங்கியிருந்த கேம்பை ஒட்டிய சைட்டில், எனக்கு நெஞ்சு இறுகியது. இடக்கை மரத்தது. சீமெந்து மூட்டைகளின் மேல் மல்லாந்து படுத்து, அவசர இலக்கத்துக்கு நானே போன் அடித்து, நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்த நான்கு மொழிகளிலும் அறிவித்தேன். சைரன் சத்தம் கேம்ப் வாசலுக்கு வரவும் எனக்கு ஒரு பெரிய ஏப்பம் வரவும் சரியாக இருந்தது. வலி போய்விட்டது. வெட்கத்தில் எழுந்து ஓடித் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்தவன், பொழுதுபட்ட பிறகுதான் வெளியே வந்தேன். மறுநாள் காலை போர்மன் என்னை வேறு கேம்புக்கு மாற்றினார். கதையை மட்டும் போனில் ஊருக்கு அனுப்பினார். ஊர் திரும்ப நான் விமானம் ஏறுவதற்கு இரண்டு வருடம் முன்பே என் பெயர் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஐம்பத்தொரு வயதில் பல்லூடகக் கதைசொல்லல் வகுப்பில் சேர்ந்தேன். கலியாண வீட்டுக்காரர் இப்போது வெறும் படத்துக்குக் காசு தருவதில்லை, படம் கதை சொல்ல வேண்டுமாம். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது. முதல்நாள் என்னைக் கண்டதும் விரிவுரையாளர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். இருங்கோ என்று கையைக் காட்டினேன். உண்மையான ஆசிரியைக்கு என் மகளின் வயது, மட்டக்களப்பிலிருந்து வந்தவர், என்னை அங்கிள் என்று கூப்பிட்டார்.

இறுதிப் பயிற்சி இதுதான்: வெளிநாட்டில் வேலைசெய்து திரும்பிய இருவரைப் பேட்டி கண்டு, படம், குரல், எழுத்து மூன்றையும் சேர்த்து ஒரே கதையாக்க வேண்டும். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் முதலாவது ஆள் முடிவாகிவிட்டது. கமராவைத் தாழ வைத்து அவருடைய மூக்குத்துவாரம் இரண்டும் சுரங்கம் மாதிரித் தெரிய எடுப்பது என்றும் முடிவாகிவிட்டது. அந்தளவில்தான் இருந்தது என் பழிவாங்கும் திட்டம்.

போர்மன் இப்போது ஹாட்வெயார் முதலாளி. கடை முகப்பில் ஒரு கறுப்புத் தோல் சுழல்கதிரை. வளைகுடாவிலிருந்து கொள்கலனில் வந்தது. தலை சாய்க்கும் இடத்தில் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. கோயில் கூட்டமோ மரணச் சங்கமோ, ஊர் வழக்குகள் எல்லாம் அந்தக் கதிரையின் முன்னால்தான் தீரும்.

"என்னடா அம்புலன்ஸ், நீ படிக்கிறியாமே? பாலர் வகுப்போ?"

"ஓம் அண்ணை. இதில ஒரு கையெழுத்து வையுங்கோ, சம்மதப் படிவம்."

"உனக்கில்லாத சம்மதமோ!" என்று வாசிக்காமலே வைத்தார்.

வெளிநாட்டு அனுபவம் என்ன என்று கேட்டேன். என் கதையையே சொன்னார். எனக்கு முன்னால், என் கமராவுக்கே. "டொக்டர் வந்து என்னைக் கேக்கிறார், நோயாளி எங்கயெண்டு. நான் சொன்னன், நோயாளி கக்கூசில எண்டு! வந்த வண்டி வெறும் வண்டியாத் திரும்பிப் போச்சுது!" ஆணி வாங்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கமரா நடுங்கியதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

இரண்டாவது ஆளை மூதூரில் பிடித்தேன். டயர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். அவரும் நான் இருந்த நாட்டிலேயே வேலை செய்தவர் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. காற்றடிக்கும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன்.

"போய் ஒரு மாசந்தான் அண்ணன். காய்ச்சல். மூணு நாள் ரூமில கிடந்தன், ஒண்ணுக்கே போகல்ல. போர்மன் வந்து பார்த்துட்டு, நடிக்கிறான், விடுங்க எண்டு போயிட்டார். அண்டைக்கு எவனோ ஒருத்தன் வயித்தில கேஸ் பிடிச்சு அம்புலன்ஸுக்கு அடிச்சிட்டான். வந்தவங்க அவனைத் தேடி ரூம் ரூமாப் பார்த்துக்கிட்டு வாறாங்க. அவன் கிடைக்கல்ல. நான் கிடைச்சன்."

"பிறகு?"

"அந்த வண்டியிலதான் என்னைக் கொண்டு போனாங்க. கிட்னி ரெண்டும் நிக்கப் பார்த்ததாம். இன்னும் ஒருநாள் கிடந்திருந்தா மையத்துத்தான்."

எந்தக் கேம்ப் என்று கேட்டேன். எங்கள் கேம்பின் பெயரைச் சொன்னார். கமராவின் காலில் என் கால் இடறி இரண்டும் சாய்ந்தன. அந்தப் பதிவில் இப்போதும் ஒரு நிமிடம் வானமும் டயர்களுமாக இருக்கிறது.

"அந்தக் கேஸ் பிடிச்சவனை நான் கண்டதேயில்ல" என்று குனிந்து என்னைத் தூக்கியபடி சொன்னார். "கண்டா ஒரு புரியாணி வாங்கிக் குடுப்பன்."

"வாங்கித் தாங்கோ" என்றேன்.

"நீங்களா? எங்க அண்ணன் ஒளிஞ்சிருந்தீங்க?"

"தண்ணி டாங்குக்குப் பின்னால."

"யா அல்லாஹ்! வெளிய வராம இருந்தீங்களே, நல்ல காலம்."

புரியாணி சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. வெறும் வண்டி. அந்த இரண்டு சொல்லையும் மென்றுகொண்டிருந்தேன். வண்டி வெறுமையாகப் போகவில்லை என்பது அங்கேயே நின்று டொக்டரோடு பேசிய மனிதருக்குத் தெரியாதா? என்னை மறுநாளே மாற்றியதும் இதற்காகத்தான். மூன்று நாள் ஒரு மனிதனைச் சாகக் கிடத்திய கதையை மூட அவருக்கு ஒரு மூடி தேவைப்பட்டிருக்கிறது. அந்த மூடி நான். இனி மூக்குத்துவாரம் போதாது என்று தோன்றியது.

இரண்டு பேட்டியையும் அடுத்தடுத்து வெட்டி ஒட்டி ஆசிரியைக்குக் காட்டினேன். போர்மன், "வெறும் வண்டி!" என்று சிரிக்க, மூதூர்க்காரர், "நான் கிடைச்சன்" என்பார். ஆசிரியை இரண்டு முறை பார்த்தார்.

"நல்லா இருக்கு அங்கிள். ஆனா இப்பிடிக் காட்டேலாது. குற்றம் சொல்லப்பட்டவருக்குப் பதில் சொல்ல இடம் குடுக்கோணும். இதைப் போட்டுக் காட்டி என்ன சொல்றார் எண்டு கேளுங்க."

"மிஸ், அவர் எனக்கு அடிப்பார்."

"அதையும் பதிவு செய்யுங்க."

மோட்டார்சைக்கிளில் ஹாட்வெயார்க் கடையை மூன்றுமுறை தாண்டிப் போனேன். நாலாவது முறை பெற்றோல் முடிந்துவிட்டது. இறங்கி உள்ளே போய், போர்மனின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கதிரையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு கேட்டார். "நான் கிடைச்சன்" வந்த இடம் எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. ஆட்டம் நின்றது.

"அவன் நடிச்சவன்."

"கிட்னியும் நடிச்சதோ அண்ணை?" அது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று திரும்பிப் பார்த்தேன்.

"டேய், மேல இருந்து எனக்கு என்ன நெருக்கடியெண்டு உனக்கு என்ன தெரியும்? அம்புலன்ஸ் கூப்பிட்டா விசாரணை வரும், வேலை நிக்கும். என்னைத்தான் ஊருக்கு அனுப்பியிருப்பாங்கள்."

"இதைச் சொல்லுங்கோ அண்ணை. பதிவு செய்யிறன்."

"அந்தப் படிவத்தைக் கொண்டா. என்ட மூஞ்சையும் என்ட குரலையும் ஒரு இடத்திலயும் போடக்கூடாது. இப்பவே அழி."

ஆசிரியைக்குப் போன் எடுத்தேன். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது, அழியுங்கள் என்றார். போர்மனுக்கு முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தேன். மூக்குத்துவாரங்களும் போயின. "இனிப் போடா அம்புலன்ஸ்" என்று சிரித்தார். வரும் வழியில் நெஞ்சு இறுகியது. ஒரு சோடா குடித்தேன், ஏப்பம் வந்தது. இந்த வயதிலும் என் கோபம் அவ்வளவுதான் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்தநாள் காலை வீதியால் போனபோது கடை திறந்திருந்தது, முதலாளி இன்னும் வரவில்லை. கதிரை மட்டும் முகப்பில் இருந்தது. நான் நின்றது பொது வீதி. எட்டுப் படம் எடுத்தேன்.

மூதூர்க்காரரின் குரலுக்குப் பிறகு, நடந்ததை என் குரலிலேயே சொன்னேன். கடைசியில் திரை முழுக்கக் கதிரை. அதன்மேல் எழுத்து: "இங்கே இருப்பவரிடம் பதில் கேட்டோம். தன் முகத்தையும் குரலையும் அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்."

"இது ஆரின்ட கதிரையெண்டு ஆக்களுக்குத் தெரியுமா அங்கிள்?" என்று ஆசிரியை கேட்டார்.

"ஒருத்தருக்கும் தெரியாது மிஸ்" என்றேன். வகுப்பில் நான் சொன்ன ஒரே பொய் அது.

எங்கள் கதைகளை ஊர் மண்டபத்தில் திரையிட்டார்கள். விளக்கு அணைந்ததும் நான் எழுந்து ஓடினேன். பதினைந்து வருடம் காத்திருந்த காட்சியை நான் கழிவறையிலிருந்து, சுவருக்கு ஊடாகத்தான் கேட்டேன். என் குரல் முடிந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்: "அட, பொலித்தீனும் அப்பிடியே கிடக்குது!" மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் பழகியது. விலாசம் மட்டும் மாறியிருந்தது. சொன்னால் என்ன, சந்தோஷமாக இருந்தது.

ஊர் என்னை இன்னும் அம்புலன்ஸ் என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் மூன்றாம் நாள் போனில் ஒருவர் என்னைத் தம்பி என்றார்.

"தம்பி, உங்கட வகுப்பின்ட இணையப் பக்கத்தில இருந்து அந்தக் கதிரைப் படத்தை மட்டும் எடுத்துவிடு. கடைக்கு வாற ஆக்கள் சாமான் வாங்காமல் கதிரையோட செல்பி எடுக்கினம்."

"படிவத்தில உங்கட முகமும் குரலும்தான் அண்ணை இருக்கு. கதிரை ஒண்டும் எழுதித் தரேல்ல."

"இப்ப நான் என்ன செய்யோணும் எண்டிறாய்?"

"நான் எடுக்கேலாது. மூதூருக்குப் போய் அவரிட்டக் கேளுங்கோ. அவர் ஓமெண்டா எடுக்கிறன்."

போனைத் துண்டித்தார்.

கிண்ணியாப் பாலம் தாண்டினால் மூதூர் தூரமில்லை, பஸ்ஸும் ஓடுகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிய டயர்க்கடைக்காரருக்குப் போன் எடுத்து, ஆள் வந்ததா என்று கேட்கிறேன். இல்லை அண்ணன் என்கிறார். கதிரைப் படம் அப்படியே இருக்கிறது.