வேலுவின் பெயரில் எடுத்த படம்

மீஞ்சூர் ஸ்டேஷனில் காலை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது வேலுவிடமிருந்து போன் வந்தது. எங்கள் மில்லில் கிரைண்டிங் பகுதியில் வேலை செய்கிறவன். "அண்ணன் பூட்டாரு சிஸ்டர்," என்றான். எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது. ஏறாமல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் கூடையோடு இருந்த மீன்காரம்மா, "இன்னாம்மா, ஊட்டுல யாரு?" என்று கேட்டாள். வீட்டில் இல்லை, கூட வேலை செய்தவர் என்று சொன்னேன். சொல்லும்போதே அது இவ்வளவு சின்ன உறவாகக் கேட்கிறதே என்று கோபம் வந்தது.

மில்லிலிருந்து இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவர் கிரேன் தனா. எனக்கு தனசேகர் அண்ணன். தொழிற்பேட்டையில் உள்ள அந்த இரும்பு மில்லின் மருத்துவ அறையில் நான் நர்ஸ். கட்டுப் போடுவதும் கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதும் திட்டுவதும் என் வேலை. உங்களில் திட்டு வாங்காதவர்கள் குறைவு. தனசேகர் அண்ணன் வாங்கியதில்லை, ஏனென்றால் தனக்கென்று அவர் என்னிடம் வந்ததே இல்லை. மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில்தான் கீழே நடப்பது முதலில் படும். யாருக்காவது சூடு பட்டால் இறங்கி ஓடிவந்து தோளில் தாங்கி அழைத்து வருவார். "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், இவன பாருங்க," என்பார். சொல்கிறவரின் கையிலும் கொப்புளம் இருக்கும்.

பிறருக்காக நிற்பது அவருக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. புதுவாயலுக்குப் பக்கத்து ஆரணியில் அவர் தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் அவர்களுடைய ரேஷன் கார்டோடு வரிசையில் நிற்பார். ஒருமுறை அவர் மனைவி செல்வி என்னிடம் சிரித்துக்கொண்டே குறைப்பட்டாள். "எங்க ஊட்டு சக்கரைய நான்தான் போய் வாங்கியாறணும் சிஸ்டர். இவரு ஊரு சக்கரைக்கு நின்னுகினு இருப்பாரு."

மில்லிலும் அப்படித்தான். ஒப்பந்தத் தொழிலாளிகள் ஒருவர் கேட் பாஸ் கார்டில் இன்னொருவர் வேலைக்குப் போவது அங்கே சாதாரணம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், ஊரில் சாவு என்றால், "இன்னிக்கு என் கார்டுல நீ போ" என்று கொடுத்துவிடுவார்கள். அந்தக் கார்டில் ஒட்டிய படம் வியர்வையில் ஊறி யார் முகம் என்றே தெரியாது. சூப்பர்வைசருக்குத் தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும். நான் பலமுறை சத்தம் போட்டிருக்கிறேன். அடிபட்டால் யார் பெயரில் எழுதுவது என்று கேட்டால், "அதெல்லாம் படாது சிஸ்டர்" என்பார்கள்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் நிர்வாகம் ஒரு நல்ல காரியம் செய்தது. கிரைண்டிங்கிலும் உலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு நெஞ்சுப் பகுதியை சிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். வருஷக்கணக்காகத் தூசியிலும் புகையிலும் நிற்கிறவர்கள். எக்ஸ்ரேயில் அகப்படாத சின்னப் புள்ளியும் இதில் தெரிந்துவிடும், இருமலும் வலியும் வருவதற்கு முன்பே பிடித்துவிட்டால் பிழைக்க வழி உண்டு. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் நின்று இதையெல்லாம் நான்தான் விளக்கினேன். கிரேன்காரர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. புகை மேலே போகும் என்பது பட்டியல் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை.

நான் சொன்னது ஒன்று, அவர்கள் காதில் விழுந்தது வேறு. புள்ளி இருந்தால் கேட்டுக்கு வெளியேதான் என்று ஒரே நாளில் மில் முழுக்கப் பேச்சாகிவிட்டது. எல்லோரையும்விட வேலுதான் அதிகம் பயந்தான். நிரந்தர ஆர்டருக்கு அவன் பெயர் போயிருந்த நேரம் அது. பீடி குடிப்பான், இருமுவான். பின்னால்தான் எனக்குத் தெரிந்தது என்றாலும் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலு தன் கார்டைத் தனசேகர் அண்ணனிடம் கொடுத்தான். பீடி, சாராயம் எதையும் தொடாதவர். கீழே நிற்கிறவர்களுக்குக் கேட்க அவர் அடிக்கும் விசில், மிஷின் சத்தத்தையும் தாண்டி உலை வரைக்கும் கேட்கும். இவருடைய நெஞ்சைவிடச் சுத்தமான நெஞ்சு மில்லில் இல்லை என்பது எல்லோருடைய எண்ணம். கார்டை வாங்கிக்கொண்டு ஸ்கேனுக்குப் போகும் பஸ்ஸில் அவர் ஏறிவிட்டார். அவர்கள் இரண்டு பேருக்கும் அது இன்னொரு ஷிப்டு, அவ்வளவுதான்.

ரிப்போர்ட் வந்தது. வேலு என்ற பெயரில், வலது நுரையீரலின் மேல்பக்கம் மிளகளவுக்கு ஒரு புள்ளி. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. வேலுவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பக்குவமாகச் சொன்னேன். இப்படித் தெரிகிற புள்ளிகளில் பெரும்பாலானவை ஒன்றும் இல்லாமல் போய்விடும், பழைய சளியின் தழும்பாகக்கூட இருக்கும் என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கா சிஸ்டர்?" என்று கேட்டான். பிறகு கதவு வழியாக மேலே கிரேனைப் பார்த்தான். பயத்தில் எங்கேயோ பார்க்கிறான் என்று நினைத்தேன்.

அன்று மாலை கிரேன் ஏணிக்குக் கீழே நின்று வேலு அவரிடம் கெஞ்சியிருக்கிறான். "ணா, அது உன்னுது ணா. நீ போய் ஆஸ்பத்திரில காட்டு." இவர் சிரித்திருக்கிறார். "பேரு உன்னுது, புள்ளி மட்டும் என்னுதாடா?" அவன் விடவில்லை. "உன் ஆர்டர் வரட்டும். அதுக்கு முன்னால நான் எங்கியாவது போய் படுத்தா எல்லாம் வெளிய வந்துரும். ரெண்டு பேருக்கும் பேஜாரு," என்று சொல்லி மேலே ஏறிவிட்டாராம்.

மூன்று மாதம் கழித்து வேலுவே போனான். இந்த முறை வேறு டாக்டர், பழைய படத்தைக் கேட்கவில்லை. புள்ளி இல்லை, நெஞ்சு சுத்தம் என்று ரிப்போர்ட். அவனுடைய இருமல் வெறும் பீடி இருமல். முதல் தடவையே அவன் தன் காலில் போய்ப் படுத்திருந்தால் ஒரு பயமும் இருந்திருக்காது. மில்லுக்கு இதெல்லாம் தெரியாது. கரைந்துபோன புள்ளியைக் கொண்டாடினோம். வேலு சிறுவாபுரிக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, புதுவாயலில் லட்டு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தான். தனசேகர் அண்ணன் ஒரு லட்டைப் பிட்டு, பாதியை என்னிடம் நீட்டினார். "சாப்புடுங்க சிஸ்டர். பையன் பொழச்சிக்கினான்." வாங்கிச் சாப்பிட்டேன்.

வேலுவுக்கு ஆர்டர் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அது வந்த வாரமே அவர் என் அறைக்கு வந்தார். கூட யாரும் இல்லை. வழக்கம்போல வெளியே எட்டிப் பார்த்து, "யாருக்கு அண்ணா?" என்று கேட்டேன். ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். "இன்னிக்கு எனக்குத்தான் சிஸ்டர்," என்றார். சட்டை தொளதொளவென்று இருந்தது. கைக்குட்டையை விரித்துக் காட்டினார், ரத்தம். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நான் திட்டினேன். அன்றைக்குத் திட்டியதுபோல வாழ்க்கையில் யாரையும் திட்டியதில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மொத்தமா வாங்கிட்டேன் பாருங்க, இத்தினி வருச பாக்கி," என்றார்.

மருத்துவ அறை அலமாரியில் இருந்த பழைய படத்தை எடுத்துக்கொண்டு சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் செல்வியும் அவரோடு போனோம். டாக்டர் அதையும் அங்கே புதிதாக எடுத்த படத்தையும் விளக்கு முன்னால் மாட்டினார். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து முறிந்து கோணலாகச் சேர்ந்த ஒரு விலா எலும்பு இரண்டிலும் இருந்தது. பழைய படத்தில் மிளகு, புதிய படத்தில் எலுமிச்சம்பழம். "இதில் வேறு பெயர் இருக்கிறதே?" என்று டாக்டர் கேட்டார். செல்வி அந்தப் பழைய படத்தின்மேல் விரலை வைத்து, "அப்போ இது இவருதுதானா சார்? அப்பவே வந்திருந்தா?" என்றாள். அப்போதென்றால் அறுவை செய்து எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். மறைக்காமல் சொன்னதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

செல்வி வேலுவின் பெயரைச் சொல்லி ஒரு தடவைகூடச் சபிக்கவில்லை. ஆனால் அவன் வீட்டுக்கு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவனும் விடாமல் வந்துகொண்டிருந்தான். ஷிப்டு முடிந்ததும் நேராக ஆரணிக்கு வந்து, அவரைத் தூக்கி உட்காரவைத்து, முதுகைத் தடவிவிட்டுப் போவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கும்போது உள்ளேயிருந்து செல்வி ஒரு தம்ளர் டீ கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைக் குடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அவன் போனபிறகு நான் அவரிடம், "அவனுக்காக உயிரையே கொடுத்துவிட்டீர்களே" என்று ஏதோ சொன்னேன். அவர் கையைத் தூக்கித் தடுத்தார். மூச்சு வாங்கி வாங்கித்தான் அப்போதெல்லாம் பேசுவார். "அப்பிடி எழுதிக் கிழுதி வெச்சிராதீங்க சிஸ்டர். அவனுக்காகப் பொறுத்தது பாதிதான். பாதி பயம். யாருக்கும் சொல்லாம மெட்ராஸ் போய் காட்டிக்கினு வந்திருக்கலாம். போவல. அவனுக்கு இல்லன்னு வந்துச்சே, எனக்கும் இல்லாம பூடும்னு மனச ஏமாத்திக்கினேன்." இதை நான் எழுதக் கூடாது என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் அவரைத் தெய்வமாக்கிப் பேசுகிற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. அவர் தெய்வம் இல்லை. நம்மைப்போலப் பயந்தவர். எனக்கு அந்தப் பயந்த மனிதரைத்தான் பிடித்திருந்தது.

கடைசி முறை நான் பார்த்தபோது விசில் அடிக்கச் சொல்லி அவர் மகள் விளையாட்டாகக் கேட்டாள். உதட்டைக் குவித்தார். காற்றுதான் வந்தது. "மேல சத்தம் ஜாஸ்தி, அதான் கேக்கல," என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், செல்வியைத் தவிர.

மில் கேட்டில் நடந்த இரங்கல் கூட்டத்தில் வேலு யாரும் கூப்பிடாமலே முன்னால் வந்தான். "என் கார்டுலதான் அண்ணன் போனாரு. அந்தப் புள்ளி அவருது. நான்தான் குட்த்தேன்," என்றான். மேனேஜரும் அங்கேதான் நின்றிருந்தார். விசாரணை வைத்தார்கள், வேலுவைக் கொஞ்ச நாள் வீட்டில் உட்காரவைத்தார்கள். வேலை போகவில்லை. அதற்குள் நான் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கிரேன்காரர்களையும் ஸ்கேன் பட்டியலில் சேர்க்க வைத்தேன்.

போன வாரம் அந்தப் புதிய ஸ்கேனுக்கான பஸ் புறப்பட்டது. கூடவே நான் போனேன். ஸ்கேன் அறை வாசலில் நின்று ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்து, பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, உன் வாயாலேயே சொல் என்று கேட்டேன். தனசேகர் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான். இனி நான் ஓய்வு பெறும்வரை இதைக் கேட்காமல் யாரையும் அந்த மிஷினில் படுக்க விடமாட்டேன். வேலுவின் முறை வந்தது. "வந்திருக்கிறது யாரு?" என்றேன். "நான்தான் சிஸ்டர். வேலுதான் வந்துகீறேன்," என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான்.

அடுத்து கிரேன் பகுதி. அலுவலகக் கணக்கில் அவர் இன்னும் மருத்துவ விடுப்பில்தான் இருந்தார். அதனால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவில்லை. நானும் அதைக் கோடு போட்டு அடிக்காமல் வாய்விட்டே கூப்பிட்டேன்.

"தனசேகர்."

பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்காகவும் அவர் ஏதாவது ஒரு வரிசையில் நின்றிருக்கிறார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவருக்குப் பதிலாக யாரும் எழுந்திருக்கவில்லை.