காலை எப்போது வைப்பது?

சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டில், 'பென் தான்' என்ற சந்தைக்கு எதிரே நடுச்சாலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நம்மூர் வழக்கப்படி கையை நீட்டினால் வண்டிகள் நிற்கும் என்று நம்பியது தப்பு. இரண்டு பக்கமும் பைக்குகள் உரசிக்கொண்டு போகின்றன. இதே நாட்டில் வுங் டா என்ற ஊரில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மைத்துனன் வந்து, என்னைத் திரும்ப நடைபாதைக்கே இழுத்துப் போகிறான்.

"நிக்காம, ஓடாம, ஒரே சீரா நடங்க அத்தான். அவங்களே ஒதுங்கிப் போயிடுவாங்க."

"எவ்வளவு இடைவெளி இருந்தா காலை வைக்கணும்? அதைச் சொல்லு."

"அதெல்லாம் சொல்ல வராது அத்தான். காலுக்கே தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காரைக்காலில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் நான். கிளட்சிலிருந்து கண்ணாடி வரை வாயால் சொல்லித்தான் ஊரில் பாதிப் பேருக்கு வண்டி பழக்கியிருக்கிறேன். சொல்லத் தெரியாதது எப்படித் தெரிந்ததாகும்? உயிர் போகிற விஷயத்தில் இதெல்லாம் ஒரு பதிலா? பக்கத்தில் நடந்து வருகிறவனை விடாமல் திட்டுகிறேன். மூச்சு வாங்க நிறுத்தும்போது பார்த்தால், சந்தை வாசலில் நிற்கிறோம். பைக் கூட்டம் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இப்ப எவ்வளவு இடைவெளி பாத்துக் காலை வச்சீங்க அத்தான்?" என்கிறான்.

சொல்ல வரவில்லை. அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம் வருகிறது.