விளிம்பு வரை ஒரு கிண்ணம்

மல்யுத்த விரிப்பின் நடுவே ஷூக்களைக் கழற்றி வைத்துவிட்டு ஜிபார்குல் வெறுங்காலோடு இறங்கினாள். ஆசியப் பட்டத்தை இருமுறை எங்கள் தலாஸ் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தவள் ஓய்வு பெற்றுவிட்டாள். அரங்கில் அழாதவர்கள் இரண்டே பேர். அவள் மாமியார் கலீபாவுக்கு அழும் வழக்கம் கிடையாது. மாவட்டத் தலைவர் தூர்சுன்பெக்கின் கண் முழுக்க ஊர் மல்யுத்தப் பயிற்சிக் கூடத்தின் மேல் இருந்தது.

ஆண் மல்லர் ஓய்வு பெற்றால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியும். தேர்தலில் நிறுத்துவோம். தோற்றால் கறிக்கடை வைத்துக்கொள்வார். பெண்ணுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. ஜிபார்குல் கேட்டதெல்லாம் அந்தக் கூடத்தைத்தான். பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறாளாம். தலைவரோ அதைக் கல்யாண மண்டபமாக்கத் தீர்மானித்திருந்தார்.

விருந்து மாமியார் வீட்டில். ஆசியாவையே மல்லாத்தினாலும் மருமகள் மருமகள்தான்; சமோவார் பக்கத்தில் அமர்ந்து தேநீர் ஊற்றுவது அவள் பொறுப்பு. கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றினால் இருங்கள், இன்னும் தருகிறேன் என்று பொருள். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று பொருள். இது எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும்.

மரியாதைக்கு வைத்த ஆட்டுத்தலையில், சிறுசுகளுக்குத் தர வேண்டிய காதைத் தானே மென்றபடி தலைவர் பேசினார்.

"நம்ம மருமக புரண்டதெல்லாம் போதும். இனி வீட்ல டீ ஊத்தட்டும். பொம்பளப் பிள்ளைங்க குஸ்தி போட்டா எவன் கட்டிக்குவான்?"

"நான் கட்டிக்கிட்டேனே," என்றான் அவள் கணவன் எர்மெக்.

"நீ எங்கடா கட்டுன? உன்னைத் தூக்கிட்டுல்ல வந்திருப்பா," என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். வீடே சிரித்தது.

தலைவர் கிண்ணத்தை நீட்டினார். ஜிபார்குல் ஊற்றினாள். பாதி தாண்டியது, நிறுத்தவில்லை. விளிம்பில் தேநீர் பொங்கி நின்றது. ஒரு துளி சிந்தாமல் அவர் கையில் கொடுத்தாள்.

மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். எல்லார் பார்வையும் கலீபா மேல். அவர் மருமகளை ஒரு வார்த்தை திட்டினால் போதும், கை தவறியதாக முடிந்துவிடும்.

கலீபா எழுந்து வந்து கிண்ணத்தை உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா ஊத்தியிருக்க? இன்னும் ஒரு சொட்டுக்கு இடம் இருக்கே." கெண்டியை வாங்கி அந்தச் சொட்டையும் விட்டார். "குடிங்க தம்பி, ஆறிடும்."

கிண்ணம் தலைவரின் விரலைச் சுட்டது. குடித்தால் எழுந்து போக வேண்டும். போனால் பொழுது சாய்வதற்குள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். கீழே வைத்தால் மடியில் சிந்தும். ஜிபார்குல் போட்ட பிடிகளிலேயே அழகானது இதுதான். பதக்கம் தர ஆளில்லை.

"சரிம்மா, கூடம் பொண்ணுங்களுக்கே இருக்கட்டும். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இதைக் கொட்டிட்டு மரியாதையா கொஞ்சமா ஊத்து."

"எப்பத் திறக்கலாம், மாமா?"

"நாளைக்கே திற. கை வேகுது."

கிண்ணத்தை வாங்கிக் கொட்டிவிட்டு, கால் பங்கு மட்டும் ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் வாசற்படியில் அவளுடைய ஷூக்கள் துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

"அத்தை, ஓய்வு பெற்றா அதை விரிப்புலயே விட்டுட்டு வரணும். உலகம் பூரா வழக்கம்."

"நல்ல ஷூவை எவளாவது விட்டுட்டு வருவாளா?" என்றார் கலீபா. "மாட்டிட்டுக் கிளம்பு. பிள்ளைங்க வந்திருக்கும்."