தண்டவாளமா, சுடுகாடா?

விளாங்குடியில் நாங்கள் வீடு கட்ட ஆரம்பித்தபோது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். அதுவரை காளவாசலில் பெரியப்பா வீட்டில் கூட்டுக்குடும்பமாக இருந்தோம். அங்கே அடுப்படி பெரியம்மாவின் ராஜ்ஜியம். அம்மாவுக்கு வெங்காயம் உரிக்கிற உத்தியோகம். தனி வீடு என்ற பேச்சை எடுத்ததும் அம்மாதான், அப்பா தலையாட்டும்வரை விடாமல் பேசியதும் அம்மாதான்.

அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி வந்தது. இடுப்பளவு ஆழத்தில் மண் கறுத்தது. அள்ள அள்ளச் சாம்பலும் கரியும். வேடிக்கை பார்க்க வந்திருந்த பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"இது சுடுகாடுடா. இல்லாட்டி இம்புட்டுக் கரி எங்கிட்டிருந்து வரும்? பேசாம மூடிட்டு வீடு வந்து சேரு."

அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத அப்பா குழியை மூடச் சொல்லிவிட்டார். அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

பெரியப்பா கிளம்பிப் போனார். குழியை மூட ஓரத்து மண்ணை வழித்தபோது ஜேசிபி வாளியில் ஏதோ டணங்கென்று மாட்டியது. டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணே, தண்டவாளம்ணே!"

அடியில் மக்கிப்போன கட்டைகளும் வரிசையாகக் கிடந்தன. கரி எஞ்சின் ஓடிய காலத்தில் இங்கே ஒரு கிளைப்பாதை இருந்திருக்கும், சாம்பலையும் இங்கேயே கொட்டியிருப்பார்கள் என்றார் அப்பா. நான் சந்தோஷத்தில் குதித்தேன். அவருக்கு மட்டும் புதுக்கவலை பிடித்துக்கொண்டது.

"பத்திரம் சரியாத்தான் இருக்கு. ஆனா, ரயில்வே இடம்னு எவனாச்சும் கிளப்பிவிட்டா கோர்ட்டு கேசுன்னு அலையணுமே."

அம்மா குழியை எட்டிப் பார்த்தாள். பிறகு டிரைவரிடம் சொன்னாள். "தம்பி, அதை அப்படியே மூடிட்டு மத்த இடத்தைத் தோண்டுங்க." என் பக்கம் திரும்பினாள். "யார் கேட்டாலும் சுடுகாடுன்னே சொல்லு. பெரியப்பா சொன்னது பொய்யாகிரக் கூடாதுல்ல."

அப்பா வழக்கம்போல் தலையாட்டினார். வீட்டுக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் புதைந்திருப்பதை வகுப்பில் சொல்ல முடியாமல் நான் தவித்தது எனக்குத்தான் தெரியும்.

பால் காய்ச்சிய அன்று சொந்தபந்தம் எல்லோரும் வந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், சுடுகாட்டு மண்ணில் இருட்டக் கூடாதென்று வெயில் இறங்குவதற்குள் மொத்தப் பேரும் கிளம்பிவிட்டார்கள். இருந்துவிட்டுக் காலையில் போகச் சொல்லி அம்மா எவ்வளவோ கெஞ்சியும் பெரியம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

எல்லோரையும் அனுப்பிவிட்டு அம்மா தனக்கு மட்டும் ஒரு டம்ளர் காபி போட்டுக்கொண்டு அடுப்படித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். யாருமே தங்காமல் போய்விட்டார்களே என்று எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அழாதே என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.