படத்துக்கு முன்னால் வந்த விமர்சனம்

பார்க்காத படத்தைத் திட்டுவதுதான் உலகத்திலேயே சுலபமான தொழில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் எதற்காவது தலையாட்டிவிட்டு விழிக்கும் என் இனத்தவரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாற்காலி

நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எங்கள் தீவில், மின்னி பே கடற்கரையில், கடல் சத்தத்தைத் தவிர வேறு பேச்சுத்துணை இல்லாமல் இருந்தேன். கல்யாண வீடியோ எடுக்கும் ஜெயபால் வந்தார். சின்னச் செலவில் ஒரு சிரிப்புப் படம். பாதி, வழக்கமான சினிமாவைக் கேலி செய்யும் கதை. மீதி, அந்தக் கதையைக் காட்சி காட்சியாகக் கிழிக்கும் யூடியூப் விமர்சன நிகழ்ச்சி. விமர்சகர் நான். தடித்த கண்ணாடிதான் என் தகுதி.

விமர்சனத்தைத்தான் முதலில் எடுத்தோம். ஜெயபாலின் மச்சான் குடும்பத்தோடு மெயின்லேண்டுக்கு லீவில் போயிருந்தார். அவருடைய குவார்ட்டர்ஸ் காலி. நல்ல நாற்காலி ஒன்றும் இருந்தது. கப்பல் திரும்புவதற்குள் முடித்தாக வேண்டும். ஆகவே, இன்னும் பிறக்காத படத்தை ஒரு பகல் முழுக்கத் திட்டினேன். கதாநாயகன் முருகேசன், படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர், அன்று விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கப்பல் டிக்கெட் கிடைக்காதவன்கூட இவரைவிட நன்றாக அழுவான்" என்று நான் சொன்னபோது அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

இல்லாத காட்சியை எப்படியப்பா திட்டுவது என்று நடுவில் ஒருமுறை அலுத்துக்கொண்டேன். ஜெயபால் சொன்னார்: "நீங்க திட்டுங்க ஆன்ட்டி. திட்டின மாதிரியே நாங்க கேவலமா எடுத்துடறோம்."

மழை

'வெயிலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மழை என்கிறார்கள்' என்று திட்டியிருந்தேன். ஆகவே வெயிலும் வேண்டும், குழாயும் வேண்டும். வருடத்தில் பாதி நாள் வானம் கொட்டும் ஊரில் நாங்கள் எடுக்கப் போனதோ கோடையில். குழாயில் மூன்று நாளைக்கொரு முறைதான் தண்ணீர்.

மாடியிலிருந்து ஜெயபால் பீய்ச்சினார். தெருப் பெண்கள் வாளியும் குடமுமாகக் காட்சிக்குள் வந்து நின்றுவிட்டார்கள். காதலர்கள் நனையவேயில்லை. நான் கத்தினேன், ஜெயபால் கெஞ்சினார். பக்கத்து வீட்டு லட்சுமி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "அரே, கட் சொல்லிடாதீங்கண்ணா. இன்னும் ரெண்டு குடம் பாக்கி இருக்கு."

சாவு

வில்லன் பாசு, வடக்கே திக்லிபூரிலிருந்து வந்த வங்காளி. செத்த பிறகும் அவர் வயிறு ஏறி இறங்குவதாக நான் முன்கூட்டியே நக்கலடித்தாயிற்று. மனிதரோ செத்தால் செத்ததுதான். ஈ உட்கார்ந்தும் இமை அசையவில்லை. "தாதா, கொஞ்சம் மூச்சு விடுங்களேன்" என்று வங்காளியில் அண்ணன் முறை வைத்துக் காதருகே குனிந்து மன்றாடினேன். பிணம் எழுந்து உட்கார்ந்தது: "தேகோ, பாருங்க தீதி, எங்க ஊர் ஜாத்ரா நாடகத்துல இருபது வருஷமா சாகறேன். மூச்சு தெரிஞ்சுதுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. உங்களுக்காக என் பேரைக் கெடுத்துக்க மாட்டேன்."

அழுகை

ஜெட்டி என்று நாங்கள் சொல்லும் படகுத்துறையில் கடைசிக் காட்சி. காதலி கப்பலேறுகிறாள், நாயகன் அழுகிறான். மாரில் அடித்துக்கொண்டு அழச் சொன்னோம். முருகேசனோ போகிற கப்பலைப் பார்த்தபடி சத்தமே இல்லாமல் நின்றார். கண்ணீர் தாடை வரை வந்து அங்கேயே தங்கியது. "கொஞ்சம் மோசமா அழுங்கண்ணே" என்று ஜெயபால் நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் நன்றாகவே அழுதார். சிலோனிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் அவருடையது. ஒவ்வொரு முறை அவர் கிளம்பும்போதும், கப்பல் புள்ளியாகும்வரை அந்தத் தீவின் ஜெட்டியில் நிற்கும் அம்மாவை நினைத்துக்கொண்டாராம்.

அந்தக் கப்பல் டிக்கெட் வரி எனக்கே நாராசமாகிவிட்டது. வெட்டுங்கள் என்றேன். அதுதான் கடைசிச் சிரிப்பு, அதை எடுத்துவிட்டால் படம் முடியாது என்றார் ஜெயபால். விமர்சனத்தைத் திரும்ப எடுக்கலாமே என்றேன். "மச்சான் ஊர்லேர்ந்து வந்துட்டார் ஆன்ட்டி. அந்த நாற்காலியில இப்ப அவர் மாமியார் உக்காந்திருக்காங்க. எழுப்பறது உங்க பொறுப்பு."

இருமல்

படம் காட்டுவதற்கு முந்தைய நாள் முருகேசன் என் வீட்டுக்கு வந்தார். அம்மா கச்சாலிலிருந்து கப்பலில் வந்துவிட்டாராம். மகனை ஊர் கூடிப் பாராட்டப் போகிறது என்று புதுச்சேலையோடு வந்திருக்கிறாராம். விளக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகம் இப்போது தரையைப் பார்த்தது. "அம்மா உங்க பக்கத்துலதான் உக்காரும் மேடம். அந்த வரி வர்றப்ப கொஞ்சம் பலமா இருமிடுங்க."

தீர்ப்பு

சமூகக் கூடம், ஞாயிறு பகல், ஜன்னல்களில் போர்வை. குடங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பாசு செத்ததற்குக் கைதட்டினார்கள். ஜெட்டிக் காட்சி வந்ததும் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு திரை நிறைய நான். நெஞ்சு வலிக்க இருமினேன். "சுப் கரோ, கேக்க விடுங்க" என்று பின்வரிசை அதட்டியது. அடங்கினேன். என் வரி ஓர் எழுத்துக் குறையாமல் முழங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

முருகேசனின் அம்மா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ரப்பர் பால் வெட்டிக் காய்த்த கையால் என் முழங்கையைத் தட்டி, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னார்: "கவலப்படாதீங்கம்மா. எம்மவன் நெசமா அழுதான், அவனுக்கு வந்துச்சு. ஒங்களுக்குத்தான் நடிக்க வரல."

அதன்பின் எனக்கு எந்தப் படத்திலும் அழைப்பு வரவில்லை. அந்தம்மாவின் சொல் தீவுகளின் தென்கோடியான கேம்பல் பே வரை போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி நிம்மதியாக இருக்கிறேன்.