மக்னீசியா என்றொரு ஊர்

உப்பு கரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உப்பை வாரி எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சிக் கிடக்கிற தண்ணீர் எப்படி இருக்கும் என்பது மரக்காணத்து உப்பளத்தில் கால் வைத்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நுனிநாக்கில் முதலில் வெறும் கரிப்புதான் இருக்கும். அது அடங்கியதும் அடிநாக்கில் ஒரு கசப்பு ஏறித் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை முறை துப்பினாலும் அரை நாளைக்கு இறங்காமல் கிடக்கும். என் அப்பா ஏழுமலை அந்தத் தண்ணீரைத் தினமும் வேண்டுமென்றே ருசி பார்ப்பார். குனிந்து சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார், துப்புவார். "கசப்பு ஏறிடுச்சி, தொறந்து உடு" என்றால் அந்தப் பாத்தியின் மடையை வெட்டித் தண்ணீரை வாய்க்காலில் வடித்துவிட வேண்டும்.

வடிக்கத் தவறினால் அடுத்து விளையும் உப்பில் அந்தக் கசப்பு கலந்துவிடும். அப்படிப்பட்ட உப்பு எத்தனை வெயிலிலும் காயாது, அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடினாலும் அடியில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். "உப்பு அழுவுது" என்பார்கள் எங்கள் பக்கத்தில். தண்ணீரின் கனத்தைப் பார்க்கக் கண்ணாடிக் குழாய் அப்போதே இருந்தது. ஆனால் அது கசப்பைச் சொல்லாது என்பது எங்கள் ஆட்களின் தீர்மானம். அதனால் பக்கத்துப் பாத்திக்காரர்களும் "ஏம்பா ஏழுமல, இங்க வந்து கொஞ்சம் நாக்க வையேன்" என்று கூப்பிடுவார்கள். அப்பாவும் பெரிய நாட்டாமை மாதிரி நடந்துபோய் நாக்கை வைத்துவிட்டு வருவார்.

அந்த நாக்கைப் பற்றியும் கிரேக்க நாட்டின் ஒரு பழைய ஊரைப் பற்றியும்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பாவின் சாவில் என் கைக்கும் பங்கு இருக்கிறது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அறிவியல் டீச்சர் ஒரு சாம்பல் நிற நாடாவை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார். ஒரு நொடியில் வகுப்பறைச் சுவர், கரும்பலகை, எங்கள் முகங்கள் எல்லாம் வெள்ளையாகிவிட்டன. நேராகப் பார்க்காதீர்கள் என்று அவர் கத்துவதற்குள் எல்லோரும் நேராகத்தான் பார்த்திருந்தோம். அதன் பெயர் மெக்னீசியம் என்றும், உப்பளத்துத் தண்ணீரில் கசப்பது இதுவே என்றும், கிரேக்கத்தில் மக்னீசியா என்ற ஒரு பழைய இடத்தின் பெயரால் இதற்கு இந்தப் பெயர் வந்தது என்றும் சொல்லிவிட்டு மணி அடித்ததும் அவர் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா தினமும் துப்புகிற தண்ணீருக்குள் இத்தனை வெளிச்சமும் ஒரு தூரதேசத்து ஊரும் இருக்கின்றன என்றால் எப்படிச் சும்மா இருப்பது?

ஊர் நூலகத்தில் பல தொகுதிகள் கொண்ட ஒரு கலைக்களஞ்சியம் இருந்தது. இருந்தது என்றால், ஒரு மழைக்குக் கூரை ஒழுகி மற்றவையெல்லாம் நைந்துபோய், 'ம' எழுத்துத் தொகுதி மட்டும் பிழைத்துக் கிடந்தது. மஞ்சள், மண்புழு, மதுரை, மலேரியா என்று என் பொது அறிவு முழுவதும் அந்த ஒரே எழுத்தில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. எந்தப் புண்ணியமோ, மக்னீசியாவும் அந்தத் தொகுதியில்தான் இருந்தது. கோடை விடுமுறையில் நான் காலையில் நூலகத்துக்குப் போவேன். மத்தியானம் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போவேன். மோட்டார் கொட்டகை நிழலில் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அன்றன்றைக்குப் படித்ததை ஒப்பிப்பேன்.

அந்த ஊரில் இரும்பை இழுக்கும் கல் கிடைத்ததாம். அங்கே மக்னீஸ் என்று ஓர் இடையன், ஆணி அடித்த செருப்போடு மலையேறும்போது கால் பாறையில் ஒட்டிக்கொண்டதாம், காந்தத்துக்கு ஆங்கிலத்தில் மேக்னட் என்று பெயர் வந்ததே அப்படித்தானாம் என்று சொன்னேன். அப்பா சோற்றை மென்றுகொண்டே யோசித்தார். "நம்ம ஆளா இருந்தா ஒட்டியிருக்காதுடி. செருப்பு எங்க இருக்குது நமக்கு?" என்று வெடித்துக் காய்ந்த தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினார்.

அந்த ஊரின் பேரை வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போனவர்கள் போன இடத்திலும் இரண்டு மக்னீசியாக்களை உண்டாக்கிவிட்டார்கள் என்றேன். சொந்த நாடு துரத்திவிட்ட ஒரு படைத்தலைவன் அதில் ஓர் ஊரில்தான் கடைசிக் காலத்தைக் கழித்தான் என்றும் சொன்னேன். "பாவம், எங்க போனாலும் பேரு மட்டும் பழைய பேரு" என்றார். ஓர் அறிஞர் குறையே இல்லாத நகரம் ஒன்றைக் கற்பனையில் கட்டி அதற்கும் மக்னீசியா என்றே பெயர் வைத்தார், அந்த நகரம் கடலைவிட்டுத் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார் என்றபோது அப்பாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "கடல்கிட்ட இல்லன்னா உப்புக்கு என்னா பண்ணுவாங்களாம்? பக்கத்து ஊர்ல போய் கடன் கேப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சாயங்காலம்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ரொம்பப் பிடித்தவர் மக்னீசியாவின் மலைக்குகையில் இருந்த குதிரை வைத்தியர். குதிரைக்கு வைத்தியம் பார்த்தவர் அல்லர். இடுப்புக்கு மேலே மனிதன், கீழே குதிரை. அந்த மலையின் மூலிகை எல்லாம் அவருக்கு அத்துப்படி. பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் அவரிடம் வளர்ந்தவர்களாம், அந்த மலை மரத்தில் கட்டிய கப்பல் ஒன்று வாய்விட்டுப் பேசுமாம். கப்பல் பேசியதில் அப்பாவுக்கு அக்கறை இல்லை. "நாலு காலு, ரெண்டு கையி. அந்த ஆளு பாத்தி மிதிச்சித் தரையக் கெட்டியாக்குனா எப்பிடி இருக்கும்?" என்று கணக்குப் போட்டார். அந்த வைத்தியரின் கடைசிக் கதையை மட்டும் நான் அப்போது சொல்லவில்லை. படித்துவிட்டேன், பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

அதே விடுமுறையில்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடையில் அந்த பாட்டிலைப் பார்த்தேன். லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'மில்க் ஆஃப் மக்னீசியா' என்று போட்டிருந்தது. எனக்குக் கால் தரையில் இல்லை. அப்பாவுக்கு இடுப்பு வலி. அதற்குக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்வார். வீட்டிலிருந்து கொண்டுபோகும் குடிதண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு வெயில்தான். வெளிக்குப் போவது ஒழுங்காக இல்லை, எந்நேரமும் "நெஞ்சு கரிக்குது" என்று மாரைத் தடவிக்கொண்டே இருப்பார். எதற்கு என்று கேட்ட கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு நாளைக்குக் குடும்மா, போதும். கேக்கலன்னா டாக்டராண்ட காட்டு" என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். அந்த ரெண்டு நாளை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அப்பா முதலில் குடிக்க மறுத்தார். பால் என்று பேர் வைத்துவிட்டால் பாலாகிவிடுமா என்று கேலி செய்தார். "நீ வடிச்சி உடுறியே, அந்தக் கசப்புதாம்பா இது. அதே ஊரு" என்றேன். அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அட, நான் வாய்க்கால்ல உடுறத புடிச்சி எனக்கே விக்கிறானா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊற்று என்று வாயைத் திறந்தார். இரண்டு நாளில் நெஞ்சுக் கரிப்பு குறைந்தது, வயிறும் இளகியது. மறுநாள் உப்பளம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "எம்பொண்ணு படிச்சிக் கண்டுபுடிச்ச மருந்து" என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்ததை நானே காதால் கேட்டேன். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? காலையில் ஒரு மூடி என்று ஆரம்பித்தது, சாயங்காலமும் ஒரு மூடி என்று ஆனது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் நிற்கவில்லை. பாட்டில் தீரத் தீர நான்தான் வாங்கி வந்தேன், நான்தான் மூடியில் ஊற்றி வாயருகே பிடித்தேன்.

ஆடி கழிவதற்குள் அவர் கால் வீங்க ஆரம்பித்தது. உப்புத் தண்ணீரில் நிற்கிற கால் வீங்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னோம். உட்கார்ந்த இடத்தில் தலை தொங்கியது. வெயில் என்றோம். ஆவணியில் ஒருநாள், அவர் பொறுப்பில் இருந்த இரண்டு பாத்தி உப்பும் அழுதது. குவித்து வைத்த உப்பின் அடியில் தண்ணீர் வழிந்து தரை முழுக்க நனைந்திருந்தது. மேஸ்திரி கோபப்படக்கூடத் தெரியாமல் நின்றார். "ஏழுமல, உன் நாக்குக்கு என்னாப்பா ஆச்சு?" என்றுதான் கேட்டார். அப்பா பாத்திக்கும் குவியலுக்கும் நடந்து நடந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் ஒரு சொம்பில் அந்தத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். "செல்வி, நீ வச்சிப் பாரு. கசக்குதா?" என்றார். வைத்துப் பார்த்தேன். தொண்டை இழுத்தது.

"கசக்குதுப்பா."

"எனக்குப் பச்சத் தண்ணி மாரி இருக்குதுடி" என்றார்.

நாக்கு செத்துப்போனவர் அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே போய், உடம்பு தேறட்டும் என்று அன்றைக்கு இன்னொரு மூடி ஊற்றிக் கொண்டுவந்தேன். அவரும் குடித்தார்.

புரட்டாசியில் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர், இதுவரை என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார். அம்மா ஒயர் கூடையிலிருந்து வலி மாத்திரை அட்டையையும் அந்த பாட்டிலையும் எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தாள். டாக்டர் பாட்டிலைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மாறியது. கிட்னி ரெண்டும் போய்விட்டது என்றார். கிட்னி வேலை செய்யாதவர்களுக்கு இந்த மக்னீசியா வெளியே போகாது, உடம்பிலேயே தங்கும், தூங்க வைக்கும், கை காலைத் துவள வைக்கும், கடைசியில் இதயத்தையே நிறுத்திவிடும் என்று படபடவென்று சொன்னார். "இத யாரு குடுத்தது? எத்தனை மாசமா குடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் நாலு நாளாகச் சரியாகக் கண்கூடத் திறக்காத அப்பா பேசினார்.

"நானாத்தாம்மா வாங்கிக் குடிச்சேன். யாரும் குடுக்கல."

அம்மா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "ஆமாங்க. சொன்னா கேக்க மாட்டாரு" என்றாள். டாக்டர் அப்பாவைத் திட்டித் தீர்த்துவிட்டார். தானே மருந்து வாங்கிக் குடித்துவிட்டுச் சாகும் நேரத்தில் வந்து நிற்கிறீர்களே என்றார். அப்பா ஒவ்வொரு வசவுக்கும் தலையை ஆட்டினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து, பார்வையாளர் நேரத்தில், அவர் கொஞ்சம் தெளிவாக இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குதிரை வைத்தியரு கடைசியில என்னா ஆனாரு? நீ சொல்லவே இல்லியே" என்றார். கதை எனக்குத் தெரியும். அவர்மேல் உயிரையே வைத்திருந்த ஒருவன் விட்ட விஷ அம்பு, குறி தவறி அவர்மேலேயே பாய்ந்துவிடுகிறது. ஊருக்கெல்லாம் மருந்து தெரிந்தவருக்கு அந்தக் காயத்துக்கு மட்டும் மருந்து தெரியவில்லை. விட்டவன் பக்கத்திலேயே நிற்கிறான்.

"நல்லாத்தான் இருந்தாருப்பா" என்றேன்.

"இருப்பாரு" என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

நான் பிறகு மருந்தாளுநர் படிப்பு படித்தேன். இப்போது கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில்தான் என் பிழைப்பு. பாத்தியில் நிற்கிறவர்கள் யாராவது வந்து வயிற்றுக்கு அந்தப் பாலைக் கேட்டால் காலை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன், ஒன்றுக்கு ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பேன், பாதிப் பேரை டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். வியாபாரத்தைக் கெடுக்க வந்தவள் என்று முதலாளியிடம் பேரும் வாங்கியாகிவிட்டது. விஷயம் தெரிந்தவர்களிடம் யாரோ ஒருவருடைய கதை போலக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வெயிலும் தண்ணீரில்லாத உடம்பும் வலி மாத்திரையும்தான் கிட்னியைத் தின்றிருக்கும், பாட்டில் கடைசியில் ஒரு தள்ளு தள்ளியிருக்கும் என்கிறார்கள். அந்தத் தள்ளு எவ்வளவு என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

அம்மா அந்தப் பொய்யைக் கடைசிவரை காப்பாற்றினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமும், பக்கத்து ஊர் பிரம்மதேசத்துச் சொந்தங்களிடமும், என்னைக் கட்டியவரிடமும், "அவரா வாங்கிக் குடிச்சாரு, கேக்கல" என்று ஒரே வாசகம்தான். உப்பளத்தில் அப்பா பெருமையடித்த அந்த மருந்தை இந்தச் சாவோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. எப்போதாவது நான் "அம்மா, அந்த பாட்டில..." என்று ஆரம்பித்தால், "சோறு ஆறுது, சாப்புடு" என்று எழுந்துபோய்விடுவாள். கட்டிய புருஷனை ஊர் முன்னால் அறிவுகெட்டவனாக்கி என்னைக் காத்தாள். போன தை மாதம் அவளும் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் உப்பளத்துக்கு நடந்தேன். வழியில் எட்டிப் பார்த்த நூலகத்தில் அந்த 'ம' தொகுதி இல்லை, மோட்டார் கொட்டகை இல்லை, அப்பாவின் பாத்திகள் இருந்த இடத்தில் வரப்பு கரைந்து தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. அடுத்த பாத்திகளில் இன்னமும் உப்பு விளைகிறது. அங்கிருந்த ஆள் கண்ணாடிக் குழாயைப் போட்டு டிகிரி பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் நாக்கை வைக்கவில்லை. நான் குனிந்து சுண்டுவிரலை நனைத்து வைத்துக்கொண்டேன். "ஏம்மா, அது கசப்புத் தண்ணிங்க, துப்புங்க" என்று அவர் கத்தினார்.

உண்மை தெரிந்த இரண்டு பேரும் இப்போது இல்லை. இனி நான் சொன்னால்தான் உண்டு. டாக்டரம்மா, நீங்கள் எங்கே இருந்தாலும் சரி, அன்றைக்குக் கேட்டீர்களே, இத யாரு குடுத்தது என்று. என் அப்பா வாங்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.