அப்பா முறித்த போல்ற், அம்மா ஊற்றிய சுடுதண்ணீர்

மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளின் புகை மணம் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்... கண் எரியும், தொண்டை கரிக்கும். பின்னால் இருந்து போனால் சட்டை ஒரு கிழமைக்கு மணக்கும்.

சண்டையால் வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் அப்பா தன் பழைய பைக்கை அப்படித்தான் ஓட்டினார். மண்ணெண்ணெய் எரிந்தால் எஞ்சினுக்குள் கரி பிடிக்கும். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, கரியைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூட்டுவார்.

அந்தப் பைக்கில்தான் ஊர் ஊராய் இடம்பெயர்ந்து ஓடினோம். சண்டை முடிந்து, அகதி முகாமில் இருந்து வெள்ளாங்குளத்துக்குத் திரும்பித் தகரக் கொட்டிலில் குடியேறினோம். வழியில் விட்டுவிட்டுப் போன பைக்கும் எப்படியோ எங்களிடம் திரும்பி வந்தது. பெற்றோல் தாராளமாய்க் கிடைத்தது. கரி பிடிக்கவே இல்லை.

ஆனால் சனிக்கிழமை வந்தால் அப்பா ஸ்பனரோடு குந்திவிடுவார்!

"பெற்றோல்தானே அடிக்கிறியள், பிறகேன் அப்பா கழட்டுறியள்?"

"திரும்ப எப்ப வெளிக்கிட வேணுமெண்டு ஆருக்குப் பிள்ளை தெரியும்? பைக் ரெடியா நிக்கவேணும்."

ஒரு சனிக்கிழமை மட்டும் கை வைக்க வேண்டாம் என்று கெஞ்சியிருந்தேன். திங்கள் காலை எட்டரைக்கு மன்னாரில் ஒரு கந்தோரில் எனக்கு வேலைக்கு இன்ரவியூ. வாழ்க்கையின் முதல் இன்ரவியூ! எங்கள் பக்கம் ஓடிய ஒரே பஸ் மன்னாருக்குப் போய்ச் சேரப் பத்து மணி தாண்டிவிடும். பைக்கை விட்டால் வேறு வழியில்லை.

கேட்டாரா மனுசன்? நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்து வந்த நேரத்துக்குள் கழற்றி, கரியே இல்லாத இடத்தைச் சுரண்டி, திரும்பப் பூட்டி, வழக்கம்போலக் கடைசியில் ஒரு முறுக்குக் கூட்டி முறுக்கினார்.

டிக்!

ஹெட்டைப் பிடித்து வைத்திருக்கும் நாலு நீளப் போல்ற்றில் ஒன்று அடியில் முறிந்துவிட்டது. கிழமைக்குக் கிழமை கழற்றிக் கழற்றியே அது களைத்துப் போயிருந்தது.

"என்ர இன்ரவியூவையும் சேர்த்து முறிச்சுப்போட்டியள்!" என்று சத்தம் போட்டேன்.

வந்த கோபத்தில் ஸ்பனரைப் பறித்துக்கொண்டு நானே குந்தினேன். எல்லாவற்றையும் திரும்பக் கழற்றிப் பார்த்தால், முறிந்த அடிக்கட்டை எஞ்சினுக்குள் இறுகிக் கிடந்தது. சுண்டுவிரல் நகமளவுதான் வெளியே. அதன் இரண்டு பக்கமும் அரத்தால் தட்டையாய் அராவி, ஸ்பனரைக் கொழுவித் திருப்பினேன்.

ம்ஹும்... எண்ணெய் விட்டுப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பலத்தைப் போட்டால் மிச்சத் துண்டும் முறிந்துவிடும். பிறகு யாராலும் எடுக்க முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுப்படியில் இருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "போத்தல் மூடி இறுகினால் என்ன செய்யிறனாங்கள்? சுடுதண்ணி ஊத்திப் பாருங்கோவன்."

"இதென்ன ஜாம் போத்தலே?" என்று அப்பா சிரித்தார்.

"நீங்கள் கதையாதேங்கோ அப்பா!"

தண்ணீர் உள்ளே போகாதபடி எஞ்சின் வாயில் துணியை அடைத்தேன். அம்மா கொதிக்கக் கொதிக்கக் கேத்தலைத் தூக்கி வந்து அடிக்கட்டையைச் சுற்றி ஊற்றினார். ஆவி முகத்தில் அடித்தது. ஸ்பனரைப் போட்டேன். அசையவில்லை. இரண்டாவது கேத்தல்... அதுவும் சரிவரவில்லை. மூன்றாவது கேத்தலுக்கு...

கிறீச்!

"அசைஞ்சிட்டுது! அம்மா, அசைஞ்சிட்டுது!"

கொஞ்சம் முன்னுக்கு, கொஞ்சம் பின்னுக்கு... கடைசியில் விரலாலேயே சுழற்றி வெளியே எடுத்தேன். நான் கத்திய கத்தலில் அயலட்டைச் சனம் எல்லாம் கூடிவிட்டது. சுடுதண்ணீர் பட்டு விரல் பொங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அப்பா ஒரு பழைய எஞ்சினில் இருந்து போல்ற் ஒன்று கழற்றித் தந்தார். பூட்டி முடிய, கூட்டி முறுக்க நீண்ட அவர் கையைத் தட்டிவிட்டேன்.

இரண்டாவது உதையில் ஸ்டார்ட்!

திங்கள் காலை எட்டேகாலுக்கே அப்பாவும் நானும் மன்னாரில். நகக்கண் எல்லாம் கறுப்பு எண்ணெய். அதோடுதான் இன்ரவியூவுக்குப் போனேன், அந்த வேலையும் கிடைத்தது.

இப்போது ஸ்கூட்டரை சேர்விசுக்குக் கொடுத்துவிட்டு ஏசிக்குள் இருந்து ஃபோனை நோண்டுகிறேன். எந்தப் போல்ற் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வசதிதான்... ஆனாலும் அந்தக் "கிறீச்" தந்த சந்தோஷத்தை இந்த வசதி ஒரு நாளும் தந்ததில்லை.

அந்த இன்ரவியூவுக்கு அடுத்த சனிக்கிழமை அப்பா ஸ்பனரைத் தொடவில்லை. எங்கேயோ போய் இரண்டு தென்னம்பிள்ளையோடு வந்து, அவற்றை நட முற்றத்தில் கிடங்கு வெட்டத் தொடங்கினார்.

"உது காய்க்க எத்தினை வருசம் செல்லுமெண்டு தெரியுமே?" என்று அம்மா கேட்டார்.

"செல்லட்டும். இருந்து இளநி குடிப்பம்," என்றார் அப்பா.

நான் பிறந்ததில் இருந்து, ஓர் ஊரில் இருப்போம் என்று அப்பா சொல்லிக் கேட்டது அன்றுதான்.